இருபத்திரண்டாவது நொடி

என் செல்லக் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் இடது முழங்காலை மட்டும் இதில் சேர்த்துக்கொள்ளாதே, அது தனியாக ஒரு மனுஷன் மாதிரி தினமும் ஏதாவது குறை சொல்லிக்கொண்டிருக்கிறது. நீ சுகமா, கழுத்து வலி குறைந்ததா, அந்தத் தெருவிளக்குத் தூக்கு வண்டிக் கூண்டில் நின்று நாள் முழுக்க அண்ணாந்து வேலை பார்ப்பவளுக்கு வலிக்காமல் என்ன செய்யும், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா இல்லை அதையும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போடுகிறாயா. ஏழு வாரமாக உன் குரலை நான் கேட்கவில்லை. அப்பாவிடம் பேசுகிறாய் என்று தெரியும், அவர் போனைத் தூக்கிக்கொண்டு அந்த முழங்காலோடு மொட்டைமாடிக்கு ஏறும்போதே தெரியும். இறங்கி வந்து "ராங் நம்பர்" என்பார். ராங் நம்பரோடு இருபது நிமிஷம் சிரித்துப் பேசுகிற ஆள் உலகத்திலேயே உன் அப்பா ஒருத்தர்தான். நானும் ஒன்றும் கேட்பதில்லை. எனக்குப் போனில் இரண்டாவது நிமிஷமே வாத்தியார் குரல் வந்துவிடுகிறது, நீயும் "சரிம்மா, வேலை இருக்கு" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். இதை நடுவில் துண்டிக்க முடியாது பார். கிழித்துப் போடலாம்தான், முழுசாகப் படித்துவிட்டுக் கிழி.

முதலில் வீட்டுச் செய்தி. மாடிப்படி விளக்கு நீ போன அடுத்த மாதத்திலிருந்து மினுக்கிக்கொண்டே இருக்கிறது, மூன்று வருஷம் ஆகிறது, அப்பா யாரையும் தொட விடமாட்டேன் என்கிறார். "நம்ம வீட்ல எலக்ட்ரீஷியன் இருக்கறப்ப வெளி ஆளு எதுக்கு" என்று கேட்கிறார். அந்த எலக்ட்ரீஷியன் ஒரு கடலைத் தாண்டி வேறொரு ஊரின் தெருவிளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், இங்கே நாங்கள் இரண்டு பேரும் கைப்பிடியைத் தடவித் தடவி ஏறிக்கொண்டிருக்கிறோம். அவர் ஓட்டுகிற பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் புது சீட் போட்டிருக்கிறார்கள், முதல் நாளே ஒரு வாண்டு அதில் பேனாவால் அவர் படத்தை வரைந்துவிட்டதாம், மூக்கு மட்டும் அச்சு அசல் என்று கோபமும் இல்லாமல் பெருமையும் இல்லாமல் சொல்லிக்கொண்டு திரிகிறார். எதிர்வீட்டுப் பூனை நம் வீட்டு ஜன்னலை எழுதி வாங்கிக்கொண்டதுபோல உட்கார்ந்திருக்கிறது. உன் அறையில் துணி காயப்போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே, வெயில் அங்கேதான் நன்றாக வருகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன், சுற்றி வளைத்து என்ன ஆகப்போகிறது. அன்று உன் சாப்பாட்டு இடைவேளையில் வீடியோவில் வந்தாய், மடியில் ரொட்டியும் முட்டையும், தலையில் அந்த மஞ்சள் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. நான்தான் வலியப்போய் எங்கள் படத்தை அனுப்பிப் பார் பார் என்றேன். ஆபீஸுக்குப் பொதுமக்கள் வந்து பார்க்கும் நாளுக்காக மாத்திரை செய்த படம் அது. மாத்திரையை நீ மறந்திருக்க மாட்டாய், என் பக்கத்து மேஜைக்காரி, கைப்பையில் எப்போதும் தலைவலி மாத்திரை அட்டை வைத்திருப்பாளே, பெயர் வைத்ததே நீதான். கம்ப்யூட்டரில் நாங்கள் கணக்குப் போட்டு ஓட்டிய பிரபஞ்சத்தின் ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி வருஷத்தை அறுபது நொடியில் அடக்கிய படம். நடுவில் ஒரு பெரிய விண்மீன் மண்டலம், சுற்றிலும் சின்னச் சின்ன மண்டலங்கள் முப்பத்தெட்டு, வாயு குளிர்ந்து ஒன்றுகூடிப் புது நட்சத்திரம் பிறக்கிற இடமெல்லாம் நீலமாக ஒளிரும். முதல் தடவை சும்மா பார்த்தாய். இரண்டாம் தடவை மெல்லுவதை நிறுத்திவிட்டாய். மூன்றாம் தடவை பார்த்துவிட்டு "அம்மா, இருபத்திரண்டாவது செகண்ட்ல சின்னது எல்லாம் ஒண்ணா அணையுதே, ஏன்" என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அதுதானே எங்கள் கண்டுபிடிப்பு, அதைச் சொல்லத்தானே எத்தனை ஊர்களுக்குக் கூப்பிட்டார்கள். பெரிய மண்டலம் ஊதித் தள்ளுகிற சூடான காற்று சின்னவற்றின் வாயுவைப் பிடுங்கிவிடுகிறது, வாயு போனால் புது நட்சத்திரம் ஏது, அதனால் அடங்கிவிடுகின்றன என்று நீட்டி முழக்கினேன். நீ தலையை ஆட்டிவிட்டு "இல்லம்மா, பக்கத்துல இருக்கறதும் அணையுது, மூலைல இருக்கறதும் அணையுது, அதே நேரத்துல. தெருவுல ஒரு விளக்கு போனா பல்பு போச்சுன்னு அர்த்தம். ஒரு தெருவே ஒண்ணா போனா எவனோ ஸ்விட்சத் தொட்டிருக்கான்னு அர்த்தம். யாரும்மா தொட்டது" என்று கேட்டாய். சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது. நான் சொன்னது உனக்கு நன்றாக நினைவிருக்கும், எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். "காலேஜை ரெண்டு வருஷத்துல விட்டுட்டு ஓடினவ எனக்குப் பாடம் எடுக்கறியா, போய்க் கம்பத்துல ஏறுற வேலையப் பாரு" என்றேன். நீ தொப்பியை ஒருமுறை அழுத்திவிட்டுக்கொண்டாய், அவ்வளவுதான், படம் மறைந்துவிட்டது.

பின்னால் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பா டீ போட்டார், அவருக்கு மட்டும். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் ஒரு டம்ளர் டீயோடு வந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் காலையில் ஆபீஸ் போனதும் உன் வாயை அடைக்க ஒரு கணக்குப் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன், நல்ல எண்ணத்தில் இல்லை, உள்ளதைச் சொல்கிறேன். காற்று அடித்து அணைகிறதென்றால் பக்கத்தில் இருப்பது முதலில் அணைய வேண்டும், தூரத்தில் இருப்பது ரொம்பக் காலம் கழித்து அணைய வேண்டும், அந்த மூலைக்குப் போய்ச் சேர ஒளிக்கே லட்சக்கணக்கான வருஷம் ஆகும், காற்று எம்மாத்திரம். முப்பத்தெட்டுக்கும் தூரத்தையும் அணைந்த நேரத்தையும் எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முப்பத்தெட்டும் ஒரே நேரம். கணக்கில் ஒரு படி முன்னும் இல்லை பின்னும் இல்லை. இதை எப்படி மூன்று வருஷம் பார்க்காமல் இருந்தோம் என்று கேட்பாய், நாங்கள் படம் பார்க்கிறவர்கள் இல்லையடி, வரைபடக் கோட்டைப் பார்க்கிறவர்கள், முப்பத்தெட்டையும் சேர்த்து, பல நூறு கோடி வருஷத்தையும் ஒன்றாக்கிச் சராசரி எடுத்தால் கோடு அழகாக, மெதுவாகத்தான் சரிந்தது. அந்த அழகைப் பார்த்துத்தான் ஏமாந்தோம்.

யார் தொட்டது என்று நீ கேட்டாயே, அதைத்தான் அடுத்துத் தேடினேன். அந்தக் கம்ப்யூட்டர் ஓட்டத்தின் குறிப்பேட்டைப் புரட்டினால் சரியாக அந்த இருபத்திரண்டாவது நொடிக்கு உரிய இடத்தில் இயந்திரத்தை நிறுத்தியிருக்கிறோம். மெஷின் ஹாலில் குளிரூட்டும் குழாயை மாற்ற வேண்டும், இரண்டு நாள் எல்லாம் நிற்கும் என்றார்கள், அதுவரை கணக்கிட்டதை எல்லாம் ஒரு கோப்பில் சேமித்து நிறுத்தினோம், பிறகு அதிலிருந்து தொடர்ந்தோம். புரோகிராமில் சேமிக்கிற பகுதியை எழுதியது நான். உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், புரியாதது ஒன்றும் இல்லை, நீதான் முதலில் கண்டவள். எங்கள் கணக்கில் பெரிய நட்சத்திரம் கொஞ்ச காலம் எரியும், பிறகு வெடிக்கும், வெடித்தால் சுற்றியிருக்கிற வாயு சிதறி ஓடும், அங்கே கொஞ்ச காலம் புதுசு பிறக்காது. இந்த வெடிப்பு இல்லாவிட்டால் இருக்கிற வாயு எல்லாம் ஒரே மூச்சில் நட்சத்திரமாகித் தீர்ந்துவிடும். வெடித்து முடித்த ஒவ்வொன்றுக்கும் இது வெடித்தாயிற்று என்று ஒரு குறி போட்டு வைப்போம். அன்று சேமிக்க இடம் போதவில்லை, அந்தக் குறியை நான் கோப்பிலிருந்து எடுத்துவிட்டேன். நட்சத்திரத்தின் வயதைப் பார்த்தாலே வெடித்ததா இல்லையா தெரிந்துவிடுமே, திறக்கும்போது வயதை வைத்துத் திரும்பக் குறி போட்டுக்கொண்டால் போகிறது என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, திரும்பப் போடுகிற அந்த வரியை எழுதவில்லை. இயந்திரத்தை மறுபடி ஓட விட்டதும் அதற்கு முன்னால் எத்தனை நூறு கோடி வருஷத்தில் வெடித்து அடங்கியவையோ அத்தனையும் நாம் இன்னும் வெடிக்கவில்லையாக்கும் என்று ஒரே நேரத்தில் இன்னொரு முறை வெடித்திருக்கின்றன. செத்தவர்கள் எல்லாம் மறுபடி செத்தார்கள். பெரிய மண்டலத்துக்கு ஈர்ப்பு பலம் ஜாஸ்தி, வாயுவை இழுத்துப் பிடித்துக்கொண்டது. சின்னவை என்ன செய்யும், இருந்ததை எல்லாம் பறிகொடுத்துவிட்டு அணைந்தன. அதற்கு நாங்கள் காரணம் கண்டுபிடித்துக் கட்டுரை எழுதினோம். சோதனை செய்யவில்லையா என்று கேட்காதே, செய்தேன், ஒரு சின்ன ஓட்டத்தில், அதில் எந்த நட்சத்திரமும் வெடிக்கிற வயதுக்கே வந்திருக்கவில்லை.

புரோகிராமில் அந்தப் பகுதியைத் திறந்து பார்த்தபோது வரி இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு நானே எழுதிவைத்த குறிப்பு ஒன்று இருந்தது, "குறியைத் திரும்பப் போடணும். வந்து எழுதணும்." பக்கத்தில் தேதி, மாலை மூன்று நாற்பது. தேதியைப் பார்த்ததும் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன் கண்ணு. நீ ஊருக்குக் கிளம்பிய நாள். நீ வீட்டில் இருக்கிற கடைசி நாளில் நான் லீவு போடாமல் ஆபீஸில் போய் உட்கார்ந்திருந்தேனே, வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்று சொன்னேனே, வேலையும் இருந்தது, வீம்பும் இருந்தது, என் பெண் படிப்பை விட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிக்கொண்டு போகிறாள் என்பதை என் கண்ணால் பார்க்க வேண்டாம் என்று இருந்தது. மூன்று நாற்பதுக்குத்தான் அப்பா போன் செய்தார், "அவ ஏர்போர்ட் பஸ் ஏறப் போறா, நீ வர்றியா இல்லையா, ஒரு வார்த்தைல சொல்லு" என்றார். அந்தக் குறிப்பை மட்டும் டைப் செய்துவிட்டு எழுந்து ஓடி வந்தேன், ஒரு செருப்பு வார் அறுந்தது அன்றுதான். வந்து நின்றும் நல்ல வார்த்தை ஒன்று வாயில் வரவில்லை, "சார்ஜர் எடுத்துக்கிட்டியா" என்று கேட்டேன். நீ எடுத்துக்கிட்டேன் என்று சொல்லிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாய், உன் பையின் கொக்கி என் கன்னத்தில் கீறியது. மறுநாள் நான் ஆபீஸ் போகவில்லை, உன் அறையில் உட்கார்ந்து நீ விட்டுப்போன பழைய டூல்ஸ் டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அதற்கு அடுத்த நாள் போனபோது அந்த வரி என் மனசில் இல்லை.

இப்போது வெட்கக்கேடான ஒன்றைச் சொல்கிறேன். பத்து நாளில் பெரிய கூட்டம், இருநூறு பேருக்கு முன்னால் நான்தான் முதல் பேச்சு, அதே முடிவைப் பற்றி. ஒரு அரை நாள் முழுக்க, பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்று யோசித்தேன். இது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், ஒருத்தி நான், இன்னொருத்தி என்னோடு பேசுவதில்லை. பிறகு உன்னை நினைத்தேன். தெருவே இருட்டாகிக் கிடக்கும்போது ஸ்விட்சைத் தொட்டவன் வாயை மூடிக்கொண்டு நின்றால் உனக்கு எப்படி எரிச்சல் வரும் என்று முன்பு சொல்லியிருக்கிறாய், கம்பம் கம்பமாக ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்று. எங்கள் கட்டுரையை நம்பி எத்தனை பேர் எங்கெங்கே ஏறிக்கொண்டிருக்கிறார்களோ. எழுந்து போய் மாத்திரையிடம் சொன்னேன். அவளுடைய மூன்று வருஷமும்தானே அது, கத்துவாள் என்று நினைத்தேன். அட்டையிலிருந்து இரண்டு மாத்திரை பிதுக்கி எனக்கு ஒன்று கொடுத்தாள், அவள் ஒன்று போட்டுக்கொண்டாள், தண்ணீர் குடித்தாள், "பழைய கோப்பு என்கிட்ட இருக்கு" என்றாள். எதையும் தூக்கிப் போடாத பிறவி அவள், அந்த நிறுத்தத்துக்கு ஒரு மாசம் முன்னால் எல்லாக் குறிகளோடும் சேமித்ததை மூலையில் வைத்திருந்தாள். அவளுக்கு நான் எந்தக் காலத்திலும் கடன்பட்டவள். அன்று மத்தியானமே அதிலிருந்து புது ஓட்டத்தைத் தொடங்கிவிட்டோம்.

கூட்டத்தில் அந்தப் படத்தையே போட்டேன். இருபத்திரண்டாவது நொடியில் நிறுத்தி, இது இயற்கை இல்லை, நான் எழுதாமல் விட்ட ஒரு வரி, மூன்று வருஷமாகச் சொன்னது தப்பு, கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்றேன். மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன். முன்வரிசையில் ஒரு பெரியவர், நாக்கில் பிளேடு வைத்திருப்பவர் என்று பெயர், "யார் கண்டுபிடிச்சது, எந்தப் பல்கலைக்கழகம்" என்று கேட்டார். என் பொண்ணு, தெருவிளக்கு எலக்ட்ரீஷியன், ரொட்டி சாப்பிட்டுக்கிட்டே கண்டுபிடிச்சா என்றேன். கூட்டம் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல், "அவங்களுக்கு லீவு கெடைக்கறப்ப எங்க படத்தையும் ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க" என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, வெளியே வந்ததும் உன் விலாசம் கேட்டார், உன்னைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். திருத்தக் குறிப்பில் நன்றி சொல்லும் இடத்தில் உன்னை எப்படி எழுதுவது என்று மாத்திரை கேட்டாள், எலக்ட்ரீஷியன் என்று எழுது என்றேன். அந்த வார்த்தையை மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாமல் "வெளிநாட்டுல வேலை பாக்கறா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன், உனக்குத் தெரியும், தெரிந்தும் ஒரு நாளும் குத்திக் காட்டியதில்லை.

போன வியாழக்கிழமை காலை புது ஓட்டம் அந்த இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்விட்டது. முழுசாக முடிய இன்னும் நாலு மாசம் ஆகும். பஸ் டியூட்டி முடித்து அப்பாவும் ஆபீஸுக்கு வந்திருந்தார், நான் கூப்பிட்டேன். மூன்று பேரும் திரை முன்னால் நின்றோம். இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. ஒன்றும் ஆகவில்லை கண்ணு. அத்தனையும் அது பாட்டுக்கு ஒளிர்ந்துகொண்டிருந்தன. பிறகு ஓரத்தில் ஒன்று தனியாக அணைந்தது, அதற்குப் பிறகு வேறெங்கோ ஒன்று, முதலில் அணைந்தது கொஞ்சம் கழித்துத் திரும்பப் பற்றிக்கொண்டது, சிதறிய வாயு மெல்லத் திரும்பி விழுந்தால் அப்படி ஆகும். அப்பா "இதுதான் பல்பு போறது, அவ சொன்னாளே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மாத்திரை தன் அட்டையை நீட்டினாள், வேண்டாம் என்றேன்.

உனக்கு நன்றி சொல்லத்தான் இத்தனையும். மன்னிப்பும் கேட்கிறேன், ஆனால் நன்றிதான் நிறைய இருக்கிறது. நீ அன்று ஆமாம் சாமி போட்டுவிட்டு ரொட்டியைத் தின்றிருந்தால் நான் ரிட்டயர் ஆகும்வரை அந்தப் பொய்யையே சொல்லிக்கொண்டு போயிருப்பேன். நீ காலேஜில் உட்கார்ந்திருந்தால் உனக்கும் என்னைப்போலக் கோடு பார்க்கத்தான் தெரிந்திருக்கும். உன் கண்ணைக் கூர்மையாக்கியது அந்தக் கம்பங்கள்தான், அவற்றுக்கும் என் நன்றி. இன்னொன்று. மூன்று வருஷ வேலை போனதில் எனக்கு வருத்தம் உண்டு, இல்லை என்றால் பொய். ஆனால் அன்று அந்த ஒரு வரியை எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்று உட்கார்ந்திருந்தால் பஸ் போயிருக்கும், நீ என்னைக் கட்டிக்கொண்டிருக்க மாட்டாய். எத்தனை தடவை யோசித்தாலும் நான் பாதியில் எழுந்து ஓடத்தான் போகிறேன்.

நல்லா இரு தாயி. உன் கை பட்ட விளக்கெல்லாம் நின்று எரியட்டும், நீ நூறு வருஷம் இரு. மழையில் ஏறாதே, கையுறை ஓட்டையானால் புதுசு கேட்டு வாங்கு, கூச்சப்படாதே. இதுவரை ஓடிய வரைக்கும் புதுப் படத்தை இத்தோடு அனுப்பியிருக்கிறேன், எங்கள் மூன்று பேரைத் தவிர யாரும் இன்னும் பார்க்கவில்லை, நீ பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு. ஏதாவது தப்பாகத் தெரிந்தால் தயங்காமல் சொல், இந்தத் தடவை கேட்டுக்கொள்வேன். லீவு கிடைத்தால் வா, மாடிப்படி விளக்கு உனக்காகத்தான் மினுக்கிக்கொண்டிருக்கிறது. வர முடியாவிட்டாலும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த தடவை அப்பாவுக்கு ராங் நம்பர் வரும்போது நானும் மொட்டைமாடிக்கு ஏறி வரட்டுமா. பேச மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்விட்சைத் தொட்ட
உன் அம்மா